ஒயருக்குள் செம்பு எவ்வளவு?

ஸ்பீக்கருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் சேர்த்து வைத்த பணம் தீர்ந்த பிறகுதான் பலருக்கும் ஒயர் நினைவு வருகிறது. அப்போது இரண்டு விதமான யோசனை கிடைக்கும். "எந்த ஒயர்ல போனாலும் கரன்ட் கரன்ட்தான், இருக்கிறதை மாட்டு" என்பது ஒன்று. "மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கைக் கேபிளுக்கு ஒதுக்கணும் சார்" என்பது மற்றொன்று; இதைச் சொல்பவர் அநேகமாகக் கேபிளும் விற்பவராக இருப்பார். முதல் யோசனையைக் கேட்டு நடந்தால் சில அமைப்புகளில் ஒலி காதுக்கே தெரியும்படி மாறும். இரண்டாவதைக் கேட்டு நடந்தால் ஒலிக்கு ஒன்றும் ஆகாது, பணம்தான் போகும்.

கையைக் கடிக்காமல் வாங்க நினைப்பவருக்கு இவை இரண்டையும் விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. செம்பு என்று நம்பி அலுமினியத்தை வாங்கி வருவது, 2.5 ஸ்கொயர் (கடைமொழியில் சதுர மில்லிமீட்டர்) என்று நம்பி, தடித்த பிளாஸ்டிக்குக்குள் ஒன்றரை ஸ்கொயரை வாங்கி வருவது. ஸ்பீக்கர் ஒயரில் நீங்கள் காசு கொடுப்பது செம்புக்கு. எத்தனை சதுர மில்லிமீட்டர் செம்பு, எத்தனை மீட்டர் தூரம், ஸ்பீக்கர் எத்தனை ஓம் என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்தால் தேர்வு ஏறக்குறைய முடிந்துவிடும்.

ஒயர் செய்கிற ஒரே கெடுதல்

ஆம்ப்ளிஃபயரிலிருந்து கிளம்பும் மின்னோட்டம் ஒரு கம்பியில் ஸ்பீக்கருக்குப் போய் மறு கம்பியில் திரும்புகிறது. ஆகவே 5 மீட்டர் தூரம் என்றால் கணக்கில் 10 மீட்டர் செம்பு. பல மெல்லிய இழைகள் சேர்ந்த 1.5 சதுர மி.மீ. மென்கம்பி ஒயருக்கு ஒரு கிலோமீட்டருக்கு 13.3 ஓம் மின்தடை, 2.5க்கு 8 ஓம், 0.5க்கு 39 ஓம். இவை 20 டிகிரி வெப்பத்தில், தரப்படி தயாரித்த ஒயருக்கு உச்சவரம்பாக வைக்கப்பட்டவை.

இதை 5 மீட்டர் தூரத்துக்குப் போட்டுப் பார்ப்போம். 0.5 ஒயரில் மொத்தம் 0.39 ஓம். 2.5 ஒயரில் 0.08 ஓம். ஸ்பீக்கர் 8 ஓம் என்றால் முதலாவது 0.4 டெசிபல் ஒலியைத் தின்கிறது, இரண்டாவது 0.1 டெசிபலுக்கும் குறைவாக. இவ்வளவுதானே, வால்யூமைச் சற்றுத் திருப்பினால் சரியாகிவிடுமே என்று தோன்றும். ஒயர் எல்லாச் சுரத்தையும் ஒரே அளவில் குறைத்தால் சரிதான்.

ஆனால் அப்படிக் குறைப்பதில்லை. ஸ்பீக்கரின் பின்னால் 8 ஓம் என்று அச்சடித்திருப்பது ஒரு பெயரளவு எண். நிஜத்தில் ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் அதன் மின்மறுப்பு, அதாவது மாறுதிசை மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, மாறிக்கொண்டே இருக்கும். ஒரே ஸ்பீக்கர் ஓரிடத்தில் 3.2 ஓமுக்கு இறங்கி, பாஸ் ஒத்ததிர்வுக்கு அருகே 20 ஓமுக்கு ஏறுவது அதிசயம் இல்லை. இதே 0.39 ஓம் ஒயரை அங்கே வைத்தால், 3.2 ஓம் வரும் இடத்தில் 1 டெசிபல் குறைகிறது. 20 ஓம் வரும் இடத்தில் 0.17 டெசிபல்தான் குறைகிறது. இரண்டுக்கும் நடுவே 0.8 டெசிபல் மேடு பள்ளம். ஸ்பீக்கரை வடிவமைத்தவர் வைத்த சமநிலையில் ஒயர் கை வைத்துவிட்டது என்று அர்த்தம். 2.5 ஒயருக்கு மாறினால் இந்த வித்தியாசம் 0.2 டெசிபலுக்குள் அடங்கிவிடும். தடித்த ஒயர் போட்டதும் பாட்டு மாறிவிட்டது என்று சொல்பவர்கள் எல்லாரும் கற்பனை செய்யவில்லை. முன்பு அவர்கள் வைத்திருந்தது நூல் போன்ற ஒயராக இருந்திருக்கலாம்.

'டேம்பிங் ஃபேக்டர்' என்ற எண்ணைக் காட்டிப் பயமுறுத்துவதும் வழக்கம். ஊஃபர் தறிகெட்டு ஆடாமல் ஆம்ப்ளிஃபயர் பிடித்து நிறுத்தும் திறனை அது குறிக்கிறது. 200 என்றால் ஆம்ப்ளிஃபயரின் உள்தடை 0.04 ஓம், 0.08 ஓம் ஒயர் சேர்ந்ததும் அந்த 200 தடாலென்று 67க்கு விழும். கேட்கப் பயங்கரமாக இருக்கிறது. ஆனால் ஊஃபரின் காயிலுக்கே 6 ஓம் அளவில் தடை உண்டு, அதுவும் இதே சுற்றில்தான் இருக்கிறது. 6.04 என்பது 6.12 ஆனதற்கு ஊஃபர் அசைந்து கொடுக்காது.

கோயில் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கரைப் பனைமரத்தில் கட்டி அரைக் கிலோமீட்டர் மெல்லிய ஒயரில் பாட்டு ஓட்டுகிறார்களே, அது எப்படி என்று கேட்கலாம். மைக் செட்காரர்கள் அங்கே 100 வோல்ட் லைன் முறையைப் பயன்படுத்துகிறார்கள். ஆம்ப்ளிஃபயரில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் மின்னழுத்தத்தை ஏற்றி அனுப்பும்; ஒவ்வொரு குழாயிலும் இருக்கும் இன்னொரு டிரான்ஸ்ஃபார்மர் இறக்கிக்கொள்ளும். 100 வாட்டை 8 ஓம் ஸ்பீக்கருக்கு நேரடியாக அனுப்பினால் மூன்றரை ஆம்பியர் ஓட வேண்டும்; 100 வோல்ட்டில் 1 ஆம்பியர் போதும். ஒயரில் வீணாவது மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் இழப்பு 12 மடங்குக்கு மேல் குறைகிறது. வீட்டு ஆம்ப்ளிஃபயரில் இந்த ஏற்பாடு கிடையாது. அதனால்தான் மைக் செட்காரருக்குப் போதுமான ஒயர் நம் வீட்டு ஹாலுக்குப் போதாமல் போகிறது.

14/76, 40/76, ஸ்கொயர், கேஜ்

கடைக்குப் போனால் ஒரே பொருளுக்கு நான்கு மொழி. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவில் "14/76 வேணுமா, 40/76 வேணுமா" என்பார்கள். எலக்ட்ரிக்கல் கடையில் "ஒண்ணரை ஸ்கொயர், ரெண்டரை ஸ்கொயர்". பழைய ஒயர்மேன் "3/20" என்பார். வெளிநாட்டுப் பெட்டியில் 16 கேஜ், 14 கேஜ் என்று போட்டிருக்கும்.

14/76 என்றால் 14 இழை, ஒவ்வொன்றும் 0.0076 அங்குல விட்டம். மி.மீ. கணக்கில் 0.193. ஒரு இழையின் பரப்பு 0.029 சதுர மி.மீ. இனி நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்: 14/76 என்பது 0.41 சதுர மி.மீ., 23/76 என்பது 0.67, 40/76 என்பது 1.17, 70/76 என்பது 2.05. சிலர் இதையே 40/36 என்பார்கள்; 36 எண் பிரிட்டிஷ் கேஜ் கம்பியின் விட்டமும் அதே 0.0076 அங்குலம்தான். 3/20 என்பது 20 எண் பிரிட்டிஷ் கேஜில் மூன்று கம்பி, ஏறத்தாழ 2 சதுர மி.மீ. அமெரிக்கக் கேஜ் வேறு கணக்கு: 18 கேஜ் 0.82, 16 கேஜ் 1.31, 14 கேஜ் 2.08, 12 கேஜ் 3.31. எண் குறையக் குறைய ஒயர் தடிக்கும்.

எவ்வளவு தூரத்துக்கு எது போதும்? அமெரிக்காவின் மெக்கின்டாஷ் ஆம்ப்ளிஃபயர் நிறுவனத்தில் ஒலியியல் ஆராய்ச்சிக்குப் பொறுப்பாக இருந்த ரோஜர் ரஸ்ஸல் ஓர் எளிய விதியைப் பரப்பினார்: போக வர ஒயரின் மொத்தத் தடை, ஸ்பீக்கர் ஓமில் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 8 ஓமுக்கு அது 0.4 ஓம். இந்த விதிப்படி 14/76 நான்கு மீட்டர் தூரம் போகலாம், 23/76 ஏழு மீட்டர் வரை, 40/76 பன்னிரண்டு மீட்டர், 70/76 இருபது மீட்டர். 4 ஓம் ஸ்பீக்கருக்கு எல்லாவற்றையும் பாதியாக்கிக்கொள்ள வேண்டும்.

நான் இன்னும் கொஞ்சம் கறாராக இருப்பேன். மேலே சொன்ன 3.2 ஓம் பள்ளங்களை நினைத்து, இந்தத் தூரங்களையே இன்னொரு முறை பாதியாக்குவேன். அப்படிப் பார்த்தால் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 40/76 ஆறு மீட்டர் வரை, 4 ஓம் என்றால் மூன்று மீட்டர் வரை. இதைவிடத் தூரம் போனால் 2.5 ஸ்கொயர். நம் ஊர் வீடுகளின் ஹாலில் 4 ஸ்கொயருக்கு வேலையே வராது. அதோடு, விலை குறைந்த ஆம்ப்ளிஃபயர்களில் வரும் ஸ்பிரிங் கிளிப்புக்குள் 2.5 நுழைவதே பெரும்பாடு.

அசெம்பிள் செட் செய்பவர்கள் 4440 என்ற சிறிய ஆம்ப்ளிஃபயர் ஐ.சி. போர்டுக்கு 14/76 போடுவதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஒன்றிரண்டு மீட்டர் தூரம், சின்ன வாட்; அது போதும். அதே ஒயரை அப்படியே எடுத்து ஹாலின் மறுமூலைக்கு இழுக்கும்போதுதான் தப்பாகிறது.

சி.சி.ஏ. என்ற மூன்று எழுத்து

இணையக் கடைகளில் 'ஸ்பீக்கர் கேபிள்' என்று தேடினால் வருவனவற்றில் மலிவானவை பலவும் சி.சி.ஏ. வகை. அலுமினியக் கம்பியின் மேல் மெல்லிய செம்புப் போர்வை. பரப்பில் 10 முதல் 15 விழுக்காடுதான் செம்பு. ஒளி ஊடுருவும் உறைக்குள் செம்பு நிறத்தில் பளபளவென்று இருக்கும். பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

இது ஏமாற்றுவதற்கென்று பிறந்த பொருள் அல்ல. அதிர்வெண் ஏற ஏற மின்னோட்டம் கம்பியின் வெளித்தோலை ஒட்டியே ஓடும். 500 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் செம்பில் 3 மைக்ரான் ஆழத்துக்குத்தான் இறங்கும். தலைமுடித் தடிமனில் இருபதில் ஒரு பங்கு. ஆகவே கேபிள் டிவி ஒயரின் நடுக்கம்பியில் எஃகின் மேல் செம்பு பூசினாலே போதும், உள்ளே என்ன இருந்தாலும் சிக்னலுக்குக் கவலை இல்லை. ஆனால் நாம் கேட்கும் ஒலியின் உச்சி 20 கிலோஹெர்ட்ஸ். அங்கே ஆழம் 0.47 மி.மீ. மென்கம்பியின் ஒவ்வோர் இழையும் அதைவிட மெல்லியது. மொத்தக் கட்டும் ஏறக்குறைய முழுதாகவே வேலை செய்கிறது. பாஸ் சுரங்களில் கேட்கவே வேண்டாம். ஆகவே ஸ்பீக்கர் ஒயரில் உள்ளே அலுமினியம் இருந்தால், நாம் கேட்பது அலுமினியம் வழியாகத்தான்.

விளைவு என்ன? ஒரே தடிமனில் சி.சி.ஏ.வின் தடை செம்பைப்போல் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். 2.5 ஸ்கொயர் சி.சி.ஏ., 1.6 ஸ்கொயர் செம்புக்குச் சமம். இதைத் தெரிந்து, அதற்கேற்ற விலை கொடுத்து, ஒரு படி தடிமனாக வாங்கினால் ஒலியில் எந்தக் குறையும் இருக்காது. அலுமினியத்தின் வழியாகப் போனதால் குரல் கரகரக்காது. தொல்லை வேறு இடத்தில் வரும்: இழைகள் சீக்கிரம் முறியும், திருகுக்கு அடியில் நாளடைவில் நசுங்கித் தளரும், வெட்டிய முனையில் அலுமினியம் காற்றுப் பட்டு ஆக்ஸைடு படியும். ஒரு முறை மாட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் தொடாமல் விடும் இணைப்புக்கு இது நல்ல குணம் அல்ல.

கண்டுபிடிக்க வழிகள் உண்டு. முதலாவது தராசு. செம்பின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 8.96 கிராம், சி.சி.ஏ.வுக்கு மூன்றரை அளவில். 2.5 ஸ்கொயர், இரண்டு கோர், 10 மீட்டர் ஒயரில் உலோகம் மட்டும் 50 கன சென்டிமீட்டர். செம்பானால் 450 கிராம், சி.சி.ஏ. ஆனால் 180 கிராம். பிளாஸ்டிக் எடை இதற்கு மேல். சமையலறைத் தராசில் ஏற்றினாலே குட்டு உடைந்துவிடும். உறையோடு சேர்த்தே 400 கிராம் வராத 10 மீட்டர் ஒயரில் சொன்ன அளவு செம்பு கிடையாது. அலுமினியம் கலந்திருக்கிறது அல்லது அளவில் திருட்டு நடந்திருக்கிறது.

இரண்டாவது, விலையை வைத்தே கணக்குப் போடுவது. 2024இல் லண்டன் உலோகச் சந்தையில் செம்பு டன் 10,000 டாலரைத் தாண்டியது. கிலோ 800 ரூபாய் என்று குறைத்து வைத்தாலும் அந்த 450 கிராம் செம்பின் விலை மட்டும் 360 ரூபாய். அதற்கு மேல் இழுக்கும் கூலி, உறை, பெட்டி, வரி, கடைக்காரர் லாபம். இதே 10 மீட்டரை "தூய செம்பு" என்று போட்டு 300 ரூபாய்க்கு ஒருவர் விற்றால், அவர் நமக்காக நஷ்டப்படுகிறார் என்று நம்புவது நம் இஷ்டம்.

மூன்றாவது, ஓர் இழையைப் பிளேடால் சுரண்டுவது. வெள்ளையாக மின்னினால் அலுமினியமாக இருக்கலாம், வெள்ளீயம் பூசிய செம்பாகவும் இருக்கலாம். இன்னும் சுரண்டிப் பார்க்க வேண்டும். உள்ளே போகப் போகச் சிவந்தால் செம்பு. நான்காவது, முழுச் சுருள் வாங்குபவர்களுக்கு மட்டும்: 90 மீட்டர் 1.5 ஸ்கொயர் சுருளின் இரு முனையிலும் மல்டிமீட்டரை வைத்தால் 1.2 ஓம் அளவில் காட்ட வேண்டும். 1.9 காட்டினால் அது வேறு உலோகம். மீட்டரின் இரு முனையையும் ஒன்றோடொன்று தொட்டு, அது காட்டும் சில்லறைத் தடையை முதலில் கழித்துக்கொள்ளுங்கள். பத்து மீட்டர் துண்டை இப்படி அளக்க முயல வேண்டாம். சாதாரண மீட்டருக்கு அவ்வளவு நுட்பம் கிடையாது.

இவ்வளவு துப்பறியும் வேலை வேண்டாம் என்பவர்களுக்கு நான் சொல்வது எலக்ட்ரிக்கல் கடை. ஐ.எஸ். 694 என்ற இந்தியத் தரமும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அச்சிட்ட, பெயர் தெரிந்த கம்பெனியின் இரண்டு கோர் செம்பு ஃபிளெக்ஸிபிள் கேபிள் 1.5 அல்லது 2.5 ஸ்கொயரில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். 230 வோல்ட் மின்சாரத்துக்கு விற்கும் பொருளில் அளவைக் குறைத்தால் ஒயர் சூடாகித் தீப்பிடிக்கும் என்பதால் அங்கே ஒரு சட்டப் பிடிமானம் இருக்கிறது. 'ஆடியோ கேபிள்' என்ற பெயரில் விற்பதற்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. வீடு கட்டி முடித்தபோது மிஞ்சிய சிவப்பு, கறுப்பு 1.5 ஒயர் பரணில் கிடந்தால் அதுவும் உத்தமம். இரண்டையும் சேர்த்து முறுக்கி இழுங்கள். தனித்தனியே ஓர் அடி இடைவெளி விட்டு ஓட்டினால் மின்தூண்டல் கூடி உச்ச சுரங்கள் சற்று மங்கும், வெளி இரைச்சலும் தொற்றும். ஒரே ஓர் எச்சரிக்கை: மின்சார ஒயரைப் போலவே இருப்பதால் முனைகளில் 'ஸ்பீக்கர்' என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஓ.எஃப்.சி., வெள்ளி, அம்புக்குறி

ஆக்ஸிஜன் நீக்கிய செம்பு, அதாவது ஓ.எஃப்.சி., பெட்டிமேல் பெரிய எழுத்தில் இருக்கும். செம்பின் கடத்துதிறனை ஒப்பிட 1913இல் ஓர் உலக அளவுகோல் வகுத்தார்கள். சாதாரண மின்சாரச் செம்பு அதில் 100 விழுக்காடு, ஓ.எஃப்.சி. 101. அந்த ஒரு விழுக்காட்டை ஈடுகட்ட 5 மீட்டர் ஒயரில் 5 சென்டிமீட்டர் வெட்டிக் குறைத்தால் போதும். வெள்ளிக்கும் இதே கதை: செம்பைவிட ஐந்தாறு விழுக்காடுதான் நல்ல கடத்தி, விலையோ பல மடங்கு. ஒயரின் மேல் அச்சிட்ட அம்புக்குறிக்கு நான் காணும் ஒரே பயன், எது பிளஸ் எது மைனஸ் என்று நினைவு வைத்துக்கொள்ளலாம். இசை மாறுதிசை மின்னோட்டமாகப் போகிறது; ஒரு நொடியில் ஆயிரம் முறை முன்னும் பின்னும் ஓடுவதற்கு அம்பு எந்தத் திசையைக் காட்ட முடியும்?

இந்த வியாபாரம் தொடங்கியதே அண்மைக்காலத்தில்தான். 1970கள் வரை அமெரிக்க வீடுகளில் ஸ்பீக்கருக்கு மேசை விளக்கின் ஒயரைத்தான் மாட்டினார்கள். 1979வாக்கில் நோயல் லீ என்ற பொறியாளர் தொடங்கிய மான்ஸ்டர் கேபிள் நிறுவனம்தான் ஒயரைத் தனியொரு ஆடியோ பொருளாக, பெட்டியும் பெயரும் விலையும் வைத்து விற்றுக் காட்டியது. 1983இல் 'ஸ்டீரியோ ரிவ்யூ' பத்திரிகைக்காக லாரன்ஸ் கிரீன்ஹில் பெயர் மறைத்த ஒரு சோதனை நடத்தினார். தடித்த மான்ஸ்டர், 16 கேஜ் விளக்கு ஒயர், நூல் போன்ற 24 கேஜ் என்று மூன்று. கேட்பவர்களுக்கு எது ஓடுகிறது என்று தெரியாது. 24 கேஜைச் சோதனை இரைச்சலில் பிடித்துவிட்டார்கள். இசையை ஓட்டியபோது 16 கேஜுக்கும் மான்ஸ்டருக்கும் நம்பும்படியாக வேறுபாடு சொல்ல முடியவில்லை. மேலே போட்ட கணக்கும் இதைத்தான் சொல்கிறது.

2007இல் இது கேலிக்கூத்தாகவும் ஆனது. அற்புதங்களை நிரூபிப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் என்று அறிவித்திருந்த ஜேம்ஸ் ராண்டி, 7,250 டாலர் விலையுள்ள ஒரு ஜோடி ஸ்பீக்கர் கேபிளைச் சாதாரண கேபிளிலிருந்து காதால் பிரித்துக் காட்டுபவருக்கும் அந்தப் பணம் உண்டு என்றார். பேச்சுவார்த்தை நடந்தது, சோதனை நடக்கவே இல்லை.

ஒயருக்கு மின்தடை தவிர வேறு குணமே கிடையாது என்று சொல்லிவிட்டுப் போகவும் முடியாது. பின்னிப் பிணைத்த சில ஆடம்பர கேபிள்களில் மின்தேக்கம் மிக அதிகம். சில ஆம்ப்ளிஃபயர்கள் அதைத் தாங்காமல் அலைவு கண்டு சூடாகிப்போகும். பிரிட்டனின் நேம் நிறுவனம் தன் ஆம்ப்ளிஃபயர்களுக்கு 3.5 மீட்டருக்குக் குறையாத ஒயர் வேண்டும் என்று சொல்லி வந்தது. மற்றவர்கள் ஆம்ப்ளிஃபயருக்குள் வைக்கும் சிறு சுருளின் வேலையை அங்கே ஒயரின் மின்தூண்டல் செய்தது. வேடிக்கை என்னவென்றால், தொல்லை தருபவை விலை கூடிய விசித்திர கேபிள்கள். இரட்டைக் கோர் எளிய ஒயர் இந்த வம்புகளில் சிக்குவதில்லை.

ஒயர் விஷயம் முனையில் இருக்கிறது

நல்ல செம்பை வாங்கிவிட்டு முனையில் கோட்டை விடுபவர்களே அதிகம். உறையைச் சீவும்போது நாலைந்து இழை அறுந்துபோகும். மாட்டும்போது ஓர் இழை மட்டும் விலகிப் பக்கத்து முனையைத் தொடும். அந்த ஒற்றை இழை ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட்டைக் காலி செய்யப் போதும். ஈயம் வைத்துக் கெட்டியாக்குவது பலருக்குப் பழக்கம். திருகு வைத்து அழுத்தும் இணைப்பில் அது வேண்டாம். ஈயம் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நழுவி, சில மாதங்களில் திருகு தளர்ந்து நிற்கும். எலக்ட்ரிக்கல் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பின் லக்கை (ஒயர் முனையில் மாட்டும் சிறு உலோக முனை) மாட்டி நசுக்கிவிடுவது மேல். பனானா பிளக் வசதிக்காகத்தான், ஒலிக்காக அல்ல. அடிக்கடி கழற்றி மாட்டுபவர்கள் வாங்கலாம்.

கடலோர ஊர்களில் இன்னொரு சங்கடம். உப்புக்காற்றில் வெறும் செம்பு முனை கறுத்து, பிறகு பச்சை பிடிக்கும். ஆண்டுக்கொரு முறை முனையை வெட்டிப் புதிதாகச் சீவினால் தீர்ந்தது. இதற்காகவே இரு பக்கமும் ஒரு சாண் ஒயர் மிச்சம் விடுங்கள். தங்கமுலாம் பூசிய முனை துருப்பிடிக்காது என்பது உண்மை. தங்கத்துக்கு ஒலியில் உள்ள பங்கு அவ்வளவே.

மிச்சம் பிடிக்கிறோம் என்று மூன்று கோர் ஒயரை இழுத்து, இரு ஸ்பீக்கருக்கும் ஒரே மைனஸாகக் கொடுப்பதைப் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். டி.பி.ஏ. 3116 போன்ற இன்றைய மலிவான கிளாஸ்-டி போர்டுகளிலும், பிரிட்ஜ் முறையில் இணைத்த 4440இலும் மைனஸ் முனை என்பது எர்த் அல்ல. அங்கும் சிக்னல் ஓடுகிறது. இரு பக்க மைனஸையும் முடிச்சுப் போட்டால் ஐ.சி. போய்விடும். எந்த ஆம்ப்ளிஃபயரானாலும் ஸ்பீக்கருக்கு இரண்டு கம்பி, தனித்தனியாக.

பிளஸ், மைனஸ் மாறினால் எதுவும் எரியாது, ஆனால் ஒரு ஸ்பீக்கர் முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். பாஸ் வற்றிவிடும், நடுவில் நிற்க வேண்டிய குரல் அறை முழுக்கச் சிதறும். "கேபிள் சரியில்லை" என்ற புகார்களில் பலவற்றுக்குக் காரணம் இதுவே. சுவருக்குள் போன ஒயரில் நிறம் தெரியவில்லை என்றால் ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிவிட்டு, அந்த முனையில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொடுங்கள். ஊஃபரின் கூம்பு வெளியே வந்தால் பேட்டரியின் பிளஸ் தொட்ட கம்பிதான் ஸ்பீக்கரின் பிளஸ்.

இடது, வலது ஒயர் ஒரே நீளம் இருந்தே தீர வேண்டும் என்பது இன்னொரு பரவலான நம்பிக்கை. ஒரு பக்கம் 2 மீட்டர், மறுபக்கம் 5 மீட்டர் என்றால் 1.5 ஸ்கொயரில் ஒலி வேறுபாடு 0.09 டெசிபல். நேர வேறுபாடு நொடியில் கோடிப் பங்கு கணக்கு. ஆகவே மிச்ச 3 மீட்டரைச் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைக்க வேண்டாம், வாங்காமலே விடலாம். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஓரடி முன்னே நகர்த்திப் பார்த்தால் பாஸில் பல டெசிபல் மாறும். அதற்குச் செலவே கிடையாது.

புதிதாக வீடு கட்டுபவர்கள் பூச்சுக்கு முன்பே ஸ்பீக்கருக்கென்று தனிக் குழாய் பதித்துவிடுவது நல்லது. 230 வோல்ட் ஒயர் போகும் குழாயிலேயே இதையும் நுழைக்க ஒயர்மேன் ஆசைப்படுவார். ஒத்துக்கொள்ள வேண்டாம், பாதுகாப்புக்கும் ஆகாது, உறுமல் இரைச்சலும் ஏறலாம். சுவருக்குள் போவதை மட்டும் 2.5 ஆகவே போட்டுவிடுங்கள். பிறகு சுவரை உடைக்க வரும் கூலியோடு ஒப்பிட்டால் கூடுதல் செம்பின் விலை ஒன்றுமில்லை. குழாய்க்குள் ஓர் இழுவைக் கம்பியும் விட்டு வையுங்கள்.

ஒரு 5.1 அமைப்புக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12க்கு 15 அடி ஹால். ரிசீவர் டிவிக்குக் கீழே. முன் ஸ்பீக்கர் இரண்டுக்கும் தலா 3 மீட்டர், நடு ஸ்பீக்கருக்கு ஒன்றரை, சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு போகும் பின் ஸ்பீக்கர் இரண்டுக்கும் தலா 9 மீட்டர். மொத்தம் இருபத்தைந்தரை, வளைவுக்கும் வெட்டுக்கும் சேர்த்து 30 மீட்டர், இரண்டு கோர் 1.5 ஸ்கொயர். பின் ஸ்பீக்கருக்குப் போகும் 9 மீட்டரில் 0.24 ஓம் வருகிறது, இழப்பு கால் டெசிபல். என் கறாரான வரம்பை இது சற்றுத் தாண்டினாலும், ரிசீவரின் மைக் வைத்துச் செய்யும் தானியங்கி அளவீடே அதைச் சரிக்கட்டிவிடும். முன் ஸ்பீக்கர்கள் 4 ஓம் என்றால் அந்த 6 மீட்டரை மட்டும் 2.5 ஆக்கலாம். இரட்டை முனை உள்ள ஸ்பீக்கருக்கு இரண்டு ஜோடி ஒயர் இழுக்கச் சொல்வார்கள். முனைகளை இணைக்கக் கூடவே வந்த உலோகப் பட்டையை அப்படியே விட்டு, ஒரு ஜோடியில் முடித்துக்கொள்ளுங்கள். சப்ஊஃபரை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. தன்னுள்ளேயே ஆம்ப்ளிஃபயர் வைத்திருக்கும் சப்ஊஃபருக்கு ரிசீவரிலிருந்து போவது மெல்லிய லைன் சிக்னல். அதற்குச் செம்பின் தடிமன் ஒரு பொருட்டே இல்லை. கவச உறை உள்ள ஆர்.சி.ஏ. கேபிள் ஒன்று, தேவையான நீளத்தில்.